குச்சியும் குழந்தையும்

மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பது பெரியவர்களுக்குப் பத்து விநாடி வேலை. கண்ணில் நீர் கோக்கும், ஒரு தும்மல் வரும், எழுந்து போய்விடலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதே வேலையைச் செய்ய மூன்று பேர் வேண்டும். கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் தெருமுனைக் காய்ச்சல் முகாம் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. வெள்ளை அங்கி, கண்ணாடி, முகக்கவசம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் திரை என்று முகமே தெரியாத ஓர் ஆள் எதிரில் நிற்பார். முன்னால் போன அக்கா அழுதுகொண்டே திரும்பியதைக் குழந்தை பார்த்திருக்கும். குச்சியின் உறை கிழிபடும் சத்தத்துக்கே அழுகை தொடங்கிவிடும். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா தங்கம், சும்மா பாப்பாங்க" என்று அம்மா ஒரு பொய் சொல்வார். "பச்சப் புள்ளைக்குப் போயி இதெல்லாம் எதுக்கு?" என்று பாட்டி முணுமுணுப்பார். குச்சி ஒரு விரற்கடை உள்ளே போனதும் தலை வெட்டித் திரும்பும், பிஞ்சுக் கை குச்சியைத் தட்டிவிடும். வரிசையில் இன்னும் நாற்பது பேர். கிடைத்தது போதும் என்று டெக்னீஷியன் குச்சியை முறித்து, வைரஸைக் காக்கும் திரவம் உள்ள விடிஎம் குழாயில் போட்டு மூடி, பெயரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். மறுநாள் கைபேசியில் முடிவு வரும்: நெகட்டிவ்.

அந்த நெகட்டிவுக்கு என்ன பொருள்? குழந்தைக்கு நோய் இல்லை என்றா, குச்சி போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றா? அழுகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அழுகை கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அரைகுறை மாதிரியை நம்பி, "இவனுக்கு ஒண்ணுமில்ல" என்று தாத்தாவின் பக்கத்தில் படுக்கவைத்தால் அதன் விளைவு அவ்வளவு சீக்கிரம் ஓயாது.

நாம் மூக்கு என்று சொல்வது முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியை. குச்சி போகவேண்டிய இடம் வெகு பின்னால் இருக்கிறது. மூக்குத் துளையிலிருந்து அண்ணத்துக்கு இணையாக நேரே பின்னோக்கிப் போனால், உள்நாக்குக்கு மேலே, மூக்கும் தொண்டையும் கூடும் ஓர் அறை வரும். அந்தச் சுவரில் குச்சியைச் சில விநாடி வைத்து, சுழற்றி எடுக்கவேண்டும். எவ்வளவு ஆழம் என்பதற்குப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு எளிமையானது: மூக்குத் துளையிலிருந்து காதுத் துளை வரை உள்ள தூரத்தைக் குச்சியில் அளந்து விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது அளவு தானாக மாறிவிடும். வழக்கமாக நேரும் தவறு, குச்சியை நெற்றியைப் பார்த்து மேல்நோக்கிச் செலுத்துவது. அங்கே போனால் இடிக்கும், வலிக்கும், ரத்தம் வரும். போகவேண்டிய அறை மட்டும் வராது. குழந்தை தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் திமிறும்போது, நேராக விட்ட குச்சியும் மேல்நோக்கித் திரும்பிவிடும்.

இதோடு குழந்தைகளுக்கே உரிய இரண்டு தடைகளும் உண்டு. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை அந்தப் பின்னறையில் அடினாய்டு என்ற சதை பெருத்துக் கிடக்கும். லேசாக உரசினாலும் கசியும். கைக்குழந்தைகளின் சங்கதி வேறு. பிறந்த முதல் சில மாதங்களுக்கு அவை பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடுகின்றன. சளி அடைத்த பிள்ளை பால் குடிக்க முடியாமல் காம்பை விட்டு விட்டுப் பிடிப்பதைப் பார்த்த தாய்மாருக்கு இது பாடமே வேண்டாத உண்மை. ஏற்கெனவே அடைத்திருக்கும் மூக்கில் ஒரு குச்சியும் நுழைந்தால், அந்தப் பிள்ளைக்கு அது மூச்சு நிற்கும் அச்சம். நாம் அதை 'அடம்' என்கிறோம்.

(எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊதியும் உறிஞ்சியும் சளி எடுத்த பாட்டிகள் இருந்தார்கள். கிருமி தொற்றும் என்று மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள், சரிதான். ஆனால், காலை நீட்டி அதன்மேல் குழந்தையைக் கிடத்திக்கொண்டு, அசையாமல் பிடிக்கத் தெரிந்த அந்தக் கைகளின் பழக்கம் வேறு. அதைப் பற்றிப் பிறகு.)

ஆய்வகத்துக்கு இந்தப் போராட்டம் எதுவும் தெரியாது. அதற்குக் கிடைப்பது ஒரு குழாய். அதற்குள் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆர்டி-பிசிஆர் முறையில் ஓர் ஏற்பாடு உண்டு. வைரஸின் மரபணுவைத் தேடும்போதே, மனித உயிரணுவில் இருக்கும் ஆர்என்ஏஸ்-பி போன்ற ஒரு மரபணுவையும் சேர்த்துத் தேடுவார்கள். அதுவும் இல்லை என்றால் குச்சி ஒன்றையும் தொடவில்லை என்று பொருள். மறுபடி மாதிரி கேட்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், மூக்கின் வாசலைத் தொட்டாலே மனித உயிரணு ஒட்டிக்கொள்ளும். 'இது மனித மாதிரி' என்று ஆய்வகம் சான்று தந்துவிடும். அந்த மனிதரின் மூக்கில் எந்த இடம் என்று அதனால் சொல்ல முடியாது.

குச்சிக்கும் ஒரு கதை இருக்கிறது. பழைய குச்சிகளில் பஞ்சு சுற்றியிருக்கும். பஞ்சு நீரை நன்றாக உறிஞ்சும், உறிஞ்சியதை எளிதில் விடாது. இத்தாலியின் பிரேசியாவில் உள்ள கோபன் நிறுவனம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நைலான் இழைகளைத் தூரிகை போலச் செங்குத்தாக நட்ட குச்சியைக் கொண்டுவந்தது. இழைகளுக்கு நடுவே சளி தங்கும்; திரவத்தில் அமிழ்த்தியதும் அப்படியே இறங்கிவிடும். மெல்லிய, வளையும் தண்டு கொண்ட அந்தக் குச்சிதான் 2020இல் உலகமே தேடிய பொருள். அதைச் செய்யும் ஊரும் அப்போது கொரோனாவின் பிடியில்தான் இருந்தது. குழந்தைகளுக்கென்று இன்னும் மெல்லிய குச்சியும் உண்டு. கூட்டம் நெருக்கிய முகாம்களில் அளவு பார்த்துக் குச்சி எடுக்க யாருக்கு நேரம்?

தொண்டையில் தடவி எடுக்கும் பழக்கம் மூக்குக்கு முந்தையது. அதைத் தொடங்கிவைத்ததே ஒரு குழந்தைப் பருவ நோய்: தொண்டை அடைப்பான் (டிப்தீரியா). 1884இல் பிரெடரிக் லோஃப்லர் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார். 1893இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, வில்லியம் பார்க் என்ற மருத்துவரின் பொறுப்பில் சோதனை ஏற்பாடு ஒன்றைத் தொடங்கி, மருந்துக் கடைகளில் சிறிய பெட்டிகளை வைத்தது. அதில் பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றும், கிருமி வளர்க்கும் ஊடகம் வைத்த குழாய் ஒன்றும் இருக்கும். மருத்துவர் பெட்டியை வாங்கிப்போய்க் குழந்தையின் தொண்டையில் தடவி, மாலைக்குள் கடையில் திருப்பிக் கொடுத்தால் மறுநாள் முடிவு வந்துவிடும். இன்றைய 'சாம்பிள் கலெக்‌ஷன்' ஏற்பாட்டின் பூர்வீகம் இதுதான். அந்தக் காலத்துக் குழந்தைகள் மட்டும் வாயைத் திறந்து காத்திருந்திருக்குமா என்ன? தொண்டையில் படர்ந்திருக்கும் சாம்பல் நிறப் படலத்தின் விளிம்பைத் தூக்கி அடியில் தடவவேண்டும். தொட்டால் ரத்தம் வரும். இன்றும் அப்படியே. ஆனால், தொண்டை அடைப்பான் என்று மருத்துவர் சந்தேகித்துவிட்டால், முடிவுக்காகக் காத்திராமல் எதிர்நஞ்சு மருந்தைக் கொடுக்கவேண்டும் என்பதுதான் விதி. குச்சி நோயை உறுதிசெய்யும், ஊரை எச்சரிக்கும். அந்தக் குழந்தையின் சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை.

கக்குவான் இருமலின் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1932இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இந்த நோயைக் கையில் எடுத்தார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். பகலில் ஆய்வக வேலையை முடித்துவிட்டு, மாலையில் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளுக்குப் போவார்கள். அவர்கள் கையில் குச்சி கிடையாது. உருளைக்கிழங்கு, கிளிசரின், ரத்தம் கலந்த ஊடகம் ஊற்றிய ஒரு வட்டத் தட்டு. குழந்தைக்கு இருமல் வரும்போது தட்டை வாய்க்கு முன்னால் பிடிப்பார்கள், அவ்வளவுதான். இருமலில் தெறிப்பது தட்டில் விழும். சில நாளில் கிருமி வளரும். குழந்தை எத்தனை நாள் வரை பிறருக்கு நோயைப் பரப்பும் என்பதையும், பிறகு தாங்கள் உருவாக்கிய தடுப்பூசி வேலை செய்கிறதா என்பதையும் இந்தத் தட்டுகளை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். குழந்தையைத் தொடாமலே எடுத்த மாதிரி அது.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? தட்டில் வாயின் மற்ற கிருமிகளும் விழுந்து மூடிவிடும். இருமல் வரும்வரை காத்திருக்கவேண்டும். பல முறை கிருமி சிக்காது. 1940களில் மூக்கு வழியாகப் பின்னறைக்குக் குச்சி விடும் முறை வந்தது. கக்குவான் கிருமி, நுண்மயிர் கொண்ட உயிரணுக்களில்தான் பற்றிக்கொள்ளும். அவை மூக்கின் பின்னறையில் உண்டு. மூக்கின் வாசலில் இல்லை. ஆக, இந்த ஒரு நோய்க்கு ஆழமாகப் போவதற்குச் சரியான காரணம் இருக்கிறது. மற்ற நோய்களுக்கும் அதே ஆழம் வேண்டுமா என்று கேட்காமலே பழகிவிட்டோம் என்பது என் எண்ணம்.

கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பின்லாந்தின் துர்கு நகர ஆய்வாளர்கள், குழந்தைகளுக்கு மூக்கின் முன்பகுதியில் தடவிய மாதிரியையும், குழாய் விட்டுப் பின்னறையிலிருந்து உறிஞ்சிய மாதிரியையும் ஒப்பிட்டு 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்எஸ்வி என்ற ஒரு வைரஸைத் தவிர மற்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முடிவு வந்து பதினெட்டு ஆண்டு கழித்து, கொரோனாவில் உலகம் மறுபடி மூக்கின் அடிவரை போயிற்று. புது வைரஸ், எதையும் தவறவிடக்கூடாது என்ற பதற்றம். முதல் சில மாதங்களுக்கு அது நியாயம்தான்.

அதற்கப்புறம் நடந்தவை சுவாரசியமானவை. ஆஸ்திரியப் பள்ளிகளில் 2021 பிப்ரவரியிலிருந்து பிள்ளைகள் தாங்களே மூக்கின் வாசலில் குச்சியைச் சுழற்றிச் சோதித்துக்கொண்டார்கள். அதற்கு அங்கே வைத்த செல்லப்பெயரைத் தமிழில் சொன்னால் 'மூக்கு நோண்டும் டெஸ்ட்'. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பயிற்சி தேவைப்படாத வேலை. ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 2021 மே மாதம் தொடக்கப்பள்ளிகளில் 'லாலி டெஸ்ட்'டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குச்சியைக் குச்சிமிட்டாய் போல அரை நிமிடம் சப்பவேண்டும். வகுப்பின் குச்சிகள் எல்லாம் ஒரே குழாயில். வாரம் இரண்டு முறை. குழாய் நெகட்டிவ் என்றால் வகுப்பு முழுவதும் தப்பித்தது. பாசிட்டிவ் என்றால் மட்டும் தனித்தனியாகச் சோதனை. பலருடைய மாதிரியைச் சேர்த்துச் சோதிக்கும் இந்த யோசனை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், படையில் சேர வருபவர்களின் ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்க, ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியலாளர் 1943இல் எழுதிய கணக்கு அது. படைவீரர்களுக்காகப் போட்ட கணக்கு தொடக்கப்பள்ளிக்கு உதவியிருக்கிறது.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2021 கோடையில், நான்கு முதல் பதினான்கு வயது வரை, நோய்க்குறி இருந்த 197 பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு சிறு வீடியோவும் படம் போட்ட தாளும் காட்டி, மூக்கின் முன்பகுதியில் நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு செவிலியரும் அதே இடத்தில் தடவி எடுத்தார். இரண்டு முடிவுகளும் ஏறக்குறைய முழுவதும் ஒத்துப்போயின. நான்கு வயதுப் பிள்ளையின் கையை நம்பலாம் என்று எழுத்தில் பதிவான சான்று இது. சிங்கப்பூரிலும் அந்த ஆண்டே பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சோதிக்கும் ஏஆர்டி என்ற விரைவு ஆன்டிஜென் சோதனைப் பெட்டிகளைக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவோ அப்பாவோ குச்சியைப் பிடித்தார்கள்.

இந்தியாவில் நாக்பூரின் நீரி ஆய்வகம் உப்புநீரால் வாய் கொப்பளித்துத் துப்பும் முறையை உருவாக்கி, 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஒப்புதல் பெற்றது. கால் நிமிடம் கொப்பளித்து, கால் நிமிடம் வாயை அலசி, குழாயில் துப்பினால் மாதிரி தயார். நான் நினைத்த அளவுக்கு அது முகாம்களுக்கு வந்து சேரவில்லை. இதிலும் ஒரு வயது வரம்பு உண்டு. மூன்று வயதுக் குழந்தையிடம் "கொப்பளிச்சுத் துப்பு" என்றால் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு விழுங்கிவிடும்.

இந்த எளிய முறைகளைப் பற்றி ஆய்வகக்காரர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: நோய் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் அடிமூக்கு மாதிரியைவிடக் கொஞ்சம் பின்தங்கும். உண்மை. அதற்குப் பதில் சொல்ல ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிய முறை நூற்றுக்கு எண்பது பேரைத்தான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழாத குழந்தையிடம் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். இரண்டாவது முறையும் தப்புபவர்கள் இருபதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நான்கு பேர். (இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால்தான் இந்தக் கணக்கு; நடைமுறையில் இவ்வளவு அழகாக வராது.) மூன்று பேர் பிடித்து அமுக்கி எடுத்த மாதிரியை இரண்டு நாளில் மறுபடி கேட்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். புத்தகத்தில் மிகச் சிறந்தது, திமிறும் குழந்தையிடம் மிகச் சிறந்ததாக இருப்பதில்லை. குழந்தைக்கான சோதனையை அளக்கும்போது, ஆய்வக மேசையில் அதன் திறன் எவ்வளவு என்பதோடு, எத்தனை முறை திரும்பக் கேட்கமுடியும் என்பதையும் அளக்கவேண்டும்.

இனி, அந்த விழுங்கும் பழக்கம். குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. நுரையீரலிலிருந்து வருவதையெல்லாம் விழுங்கிவிடும். குழந்தைகளின் காசநோயைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலகக் காசநோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் குழந்தைகள். பெரியவரிடம் "காலையில சளி எடுத்துட்டு வாங்க" என்று டப்பாவைக் கொடுத்துவிடலாம். குழந்தையிடம், அது விழுங்கியதை வயிற்றிலிருந்து எடுக்கவேண்டும். விடியற்காலையில், எழுந்து நடமாடுவதற்குள், வெறும் வயிற்றில், மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். பெரும்பாலும் ஒரு நாளோடு முடியாது, மருத்துவமனையில் தங்கவேண்டும். இதற்கு முன்னால் மூக்குக் குச்சி ஒன்றுமே இல்லை.

விழுங்கியது எங்கே போகும்? கடைசியில் மலத்தோடு வெளியே வரும். இந்த எளிய உண்மையைச் சோதனையாக மாற்றப் பல ஆண்டு ஆனது. நம் அரசு மருத்துவமனைகளில் சிபினாட் என்று சொல்லப்படும் மரபணுச் சோதனைக்குக் குழந்தையின் மலத்தையும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. எல்லா நோயாளிகளையும் அது பிடித்துவிடாது. நெகட்டிவ் வந்தாலும் எடை குறைவு, விடாத இருமல், வீட்டில் காசநோயாளி என்று மற்ற அடையாளங்களைப் பார்த்து மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால், குழாய்க்கு முன்னால் ஒரு டப்பாவை வைத்திருக்கிறதே, அது பெரிய காரியம்.

மலத்தை நம்பி ஒரு நோயையே நாட்டைவிட்டுத் துரத்திய அனுபவம் நமக்கு உண்டு. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தொய்ந்தால், பதினான்கு நாளுக்குள், இருபத்து நான்கு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு மல மாதிரி. போலியோ கண்காணிப்பின் அடித்தளமே இந்த விதிதான். சென்னை கிண்டி கிங் நிறுவனமும் இந்த மாதிரிகளைச் சோதித்த ஆய்வகங்களில் ஒன்று. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசிக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. கொரோனாவின்போது ஹாங்காங்கில் கைக்குழந்தைகளுக்கு மலத்தைச் சோதித்தார்கள். நம் முகாம்களில் அந்த யோசனை எழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்திருந்தால் பாட்டிகள் ஒருமனதாக வாக்களித்திருப்பார்கள்.

மாதிரி கிடைத்துவிட்டது, பாசிட்டிவும் வந்துவிட்டது. அதோடு முடிந்ததா? குழந்தையின் மூக்கும் தொண்டையும் காலி வீடுகள் அல்ல. மதுரை வட்டாரக் கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், இரண்டு மாத வயதிலேயே பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மூக்கில் நிமோனியாவை உண்டாக்கக்கூடிய நியூமோகாக்கஸ் கிருமி குடியிருப்பதைக் கண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நிமோனியா இல்லை. கிருமி தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தொண்டை வலியை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அப்படியே. எந்தக் கோளாறும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் தொண்டையில் அது சும்மா இருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சாதாரண வைரஸ் சளி பிடித்த நாளில் குச்சி விட்டால் பாசிட்டிவ்தான் வரும். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் கூடவே வரும்.

ஆனாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை அலட்சியம் செய்யவும் முடியாது. கவனிக்காமல் விட்ட சில தொண்டைப் புண்கள் வாதக் காய்ச்சலில் முடிந்து, இதய வால்வைக் கெடுக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்காக ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சளியோ இருமலோ இல்லாமல், காய்ச்சலும், வீங்கிய டான்சிலும், கழுத்தில் நெறிகட்டியும் இருந்தால் தொண்டைக் குச்சிக்கு அர்த்தம் உண்டு. மூன்று வயதுக்குக் கீழே வாதக் காய்ச்சல் மிக அரிது என்பதால், அந்த வயதில் வழக்கமாகச் சோதிக்கவேண்டியதில்லை என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல் வழிகாட்டியது. எந்த வயதில் குச்சி விடுவது மிகக் கடினமோ, அந்த வயதில்தான் அது தேவையே இல்லை.

தொண்டையில் குச்சியே விடக்கூடாத நேரமும் ஒன்று உண்டு. கடுங்காய்ச்சலோடு எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூச்சு இழுக்கும்போது கீச்சுச் சத்தம் வரும் குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பதே ஆபத்து. குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். சீண்டினால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். உடனே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இந்த நோய்க்கு ஒரு காலத்தில் பெரும்பாலும் காரணமாக இருந்த ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தும் சேர்ந்த ஐந்து-நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்.

யாருக்குச் சோதனை என்ற கேள்விக்கு நம் அரசே ஒருமுறை நல்ல விடை கண்டது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது மத்தியச் சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. மூச்சுத் திணறல் போன்ற ஆபத்து அறிகுறி உள்ள சி பிரிவுக்குத்தான் சோதனை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதிக ஆபத்துள்ள பி பிரிவில் வைத்து, சோதனை வேண்டாம், மருந்தைக் கொடுங்கள் என்றது. குச்சியைத் தாண்டி நேரே சிகிச்சைக்குப் போன ஏற்பாடு. கொரோனாவில் நிலைமை வேறு. அப்போது கொடுக்க மருந்து இல்லை. தொற்று எந்தத் தெருவில் என்று தெரிந்தால்தான் தடுக்கமுடியும். அதாவது, அந்தக் குச்சி பெரும்பாலும் அந்தக் குழந்தைக்காக அல்ல, ஊருக்காக. ஊருக்காக ஒரு குழந்தை வலி தாங்குகிறது என்றால், இருப்பதிலேயே வலி குறைந்த முறையை அதற்குக் கொடுக்க ஊர் கடமைப்பட்டிருக்கிறது. இந்தக் கடமையில் நாம் தேறவில்லை என்பதுதான் என் கருத்து.

குச்சியைத் தவிர்க்கமுடியாத நேரம் வரும். அப்போது பிடிக்கும் விதத்தில்தான் பாதி வேலை. கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி ஆளுக்கொரு கை காலைப் பிடிப்பது மிக மோசமான வழி. பயம் இரட்டிப்பாகும், தலையும் நிற்காது. அம்மாவோ அப்பாவோ நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் முதுகு தன் நெஞ்சில் சாயும்படி மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். குழந்தையின் கால்கள் இரண்டும் தன் தொடைகளுக்கு இடையில். ஒரு கை குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும்; மற்றொரு உள்ளங்கை நெற்றியில், தலை நெஞ்சோடு ஒட்டி நிற்கும்படி. கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டி, சங்கில் மருந்து புகட்டிய பாட்டியின் பிடி இதற்கு அக்கா தங்கை. தொண்டைக் குச்சி என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் எடுப்பது நல்லது, வாந்தி வராது. மூக்குக் குச்சி முடிந்த கையோடு பால் கொடுக்கலாம். அழும்போது வாய் தானாகத் திறக்கும் என்பதும் தொண்டையில் தடவ அந்த நொடி போதும் என்பதும் அனுபவமுள்ள செவிலியர்களுக்குத் தெரியும். அவர்களிடம் குச்சியைக் கொடுங்கள் என்றுதான் நிர்வாகத்தைக் கேட்கவேண்டும். புதிதாக வந்தவர் கையில் முதல் வேலையாகக் கொடுக்கிற பொருள் அல்ல அது.

அந்த முதல் பொய்யையும் விட்டுவிடலாம். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக் குச்சி விட்டால், அடுத்த தடுப்பூசி நாளிலும் அந்தப் பிள்ளை நம்மை நம்பாது. "மூக்குல கூசும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். நான் பிடிச்சுக்கிறேன்" என்பது மூன்று வயதுக்குப் புரியும். பத்துக்குள் முடிக்கவேண்டியது குச்சி பிடிப்பவரின் பொறுப்பு.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சோதனைச் சீட்டு எழுதினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ரிசல்ட் வந்தா இவனுக்குக் கொடுக்குற மருந்து மாறுமா, டாக்டர்?" "முன் மூக்குல எடுத்தா போதாதா?" கேட்பதில் தப்பில்லை, நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆழமாகத்தான் எடுக்கவேண்டும் என்று காரணத்தோடு சொன்னால், கட்டிலில் கிடத்த விடாதீர்கள். உட்கார்ந்து, மடியில் வைத்து, நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.